சேலத்துல ஆப்பிரிக்கன் க்ரே கிளி வளர்க்கணுமா? வாங்குறதுல இருந்து வைத்தியம் வரைக்கும் முழு வழிகாட்டி

ஆப்பிரிக்கன் க்ரே வாங்கப் போறேன், எதைப் பாத்து வாங்கணும், என்ன சாப்பாடு போடணும்னு கேக்குறவங்ககிட்ட நான் திருப்பிக் கேக்குற முதல் கேள்வி உங்களுக்கு வயசு என்னங்கிறதுதான். நல்லாப் பாத்துக்கிட்டா இந்தக் கிளி 40 வருஷத்துல இருந்து 60 வருஷம் வரைக்கும் உயிரோட இருக்கும், அதனால இன்னிக்கு 35 வயசுல ஒருத்தர் குஞ்சு வாங்கினா அவர் ரிட்டையர் ஆகி பேரன் பேத்தி எடுத்த பிறகும் அது அதே ஹால்ல உக்காந்து அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டு இருக்கும். பேசுற வீடியோ ஒண்ணு பாத்துட்டு அடுத்த வாரமே வாங்குற பொருள் கிடையாதுங்க இது. இந்த ஒரு விஷயம் மனசுல பதிஞ்சுட்டா மீதி எல்லாம் கத்துக்கலாம்.

முதல்ல உங்க வீடு ஒத்து வருமான்னு பாருங்க

க்ரே கூட்டமா வாழுற பறவை, மேற்கு ஆப்பிரிக்கா, மத்திய ஆப்பிரிக்கா மழைக்காடுகள்ல சாயங்காலம் ஆனா நூத்துக்கணக்குல ஒண்ணா வந்து மரத்துல அடையும். அப்படிப்பட்டதை ஒத்தையா ஒரு கூண்டுல போட்டுட்டு புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் காலைல எட்டு மணிக்குப் போய் ராத்திரி எட்டு மணிக்கு வர்ற வீடா இருந்தா தயவுசெஞ்சு வேண்டாம். அது தன் றெக்கையைத் தானே பிச்சுப் போட ஆரம்பிச்சுடும், ஒரு தடவை அந்தப் பழக்கம் வந்துட்டா நிறுத்துறது ரொம்ப ரொம்பக் கஷ்டம். தாத்தா பாட்டி யாராவது வீட்டுலயே இருக்காங்க, பகல்ல பேச்சுக்கொடுக்க ஆள் இருக்கு, தினமும் குறைஞ்சது ரெண்டு மூணு மணி நேரம் கூண்டுக்கு வெளிய விட முடியும்னா யோசிக்கலாம்.

இன்னொண்ணு, க்ரே உடம்புல இருந்து வெள்ளையா மாவு மாதிரி தூசி கொட்டும். இது நோய் இல்ல, அதோட றெக்கையோட இயல்பே அதுதான். வீட்டுல யாருக்காவது வீசிங், ஆஸ்துமா இருந்தா முதல்ல க்ரே வச்சிருக்கிற ஒருத்தர் வீட்டுல போய் ரெண்டு மணி நேரம் உக்காந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

செவ்வாய்பேட்டை, குகை பக்கம் வீட்டுக்குள்ளயே கொலுசு பட்டறை வச்சிருக்கிறவங்க நிறைய பேர் இருக்கீங்க. பத்தவைக்கிற புகையும் ஆசிட் ஆவியும் நம்ம நுரையீரலுக்கே ஆகாது, பறவைக்கு அது நேரா விஷம். பட்டறையும் கிளியும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கக் கூடாது. மாடியில வச்சுக்கிறேன், கதவைச் சாத்திக்கிறேன்னு சமாதானம் சொல்லிக்காதீங்க.

காங்கோவா டிம்னேவா

ரெண்டு வகை இருக்கு. காங்கோ க்ரே பெருசு, கிட்டத்தட்ட 33 செண்டிமீட்டர் நீளம், 400-ல இருந்து 550 கிராம் வரைக்கும் எடை, வெளிர் சாம்பல் உடம்பு, கருப்பு மூக்கு, வாலு பளிச்சுனு சிவப்பு. டிம்னே கொஞ்சம் சின்னது, 300 கிராம் சுத்தி இருக்கும், உடம்பு அடர்த்தியான சாம்பல், வாலு மெரூன் கலர், மேல் மூக்கு கொம்பு நிறத்துல இருக்கும். இங்க கிடைக்கிறதுல பெரும்பாலானது காங்கோதான். ரெண்டுமே புத்திசாலி, ரெண்டுமே பேசும், கவனிப்பும் ஒண்ணுதான். ஆணா பெண்ணான்னு பாத்துச் சொல்ல முடியாது, உதிராம பிடுங்கின ஒரு இறகையோ ஒரு சொட்டு ரத்தத்தையோ லேபுக்கு அனுப்பி டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும். வியாபாரி தலையைத் தடவிப் பாத்து "இது மேல்ங்க, நல்லா பேசும்"னு சொன்னா நம்பாதீங்க, பேசுறதுக்கும் ஆண் பெண்ணுக்கும் சம்பந்தமே கிடையாது.

பேப்பர் இல்லாம ஒரு ரூபாய் கூட கொடுக்காதீங்க

இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா நம்ம ஊர்ல நிறைய பேர் சாதாரணமா எடுத்துக்கிறது இதைத்தான்.

காட்டுல இருந்து லட்சக்கணக்குல புடிச்சு வித்துத் தீர்த்ததுல இந்தக் கிளியோட எண்ணிக்கை பயங்கரமா விழுந்துடுச்சு, கானா நாட்டுல ஒரு காலத்துல கூட்டம் கூட்டமா இருந்தது இப்போ கிட்டத்தட்ட இல்லைங்கிற நிலைமை. அதனால சைட்டிஸ்னு சொல்ற சர்வதேச ஒப்பந்தத்துல 2017 ஜனவரியில இருந்து இதை முதல் பட்டியல்ல சேத்துட்டாங்க, அதாவது காட்டுல புடிச்ச க்ரேவை நாடு விட்டு நாடு வியாபாரம் பண்ண முடியாது. இந்தியாவுல வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-ல திருத்தி, சைட்டிஸ் பட்டியல்ல இருக்கிற உயிரினங்களை நாலாவது அட்டவணையில கொண்டுவந்தாங்க, அது 2023 ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் 2024 பிப்ரவரியில பதிவு பண்றதுக்கான விதிமுறை வந்துச்சு. இதோட அர்த்தம் என்னன்னா, நீங்க க்ரே வச்சிருந்தா மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணியே ஆகணும், புதுசா வாங்கினா 30 நாளுக்குள்ள விண்ணப்பிக்கணும், இன்னொருத்தருக்குக் கொடுத்தாலும், குஞ்சு பொரிச்சாலும், செத்துப் போனாலும் தெரிவிக்கணும். க்ரே மாதிரி முதல் பட்டியல் பறவையை இனப்பெருக்கம் பண்ணி விக்கிறவருக்குத் தனியா லைசென்ஸ் வேணும்.

அதனால விக்கிறவர்கிட்ட கேக்க வேண்டியது: அவர் லைசென்ஸ் எங்க, இந்தக் குஞ்சோட தாய் தகப்பன் பதிவு ஆகியிருக்கா, என் பேருக்கு மாத்திக் கொடுப்பீங்களா, பில் தருவீங்களா. "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்கண்ணா"ன்னு பதில் வந்தா அங்கேயே கிளம்பிடுங்க. சந்தேகம் இருந்தா வனத்துறை அலுவலகத்துல நேரா போய்க் கேளுங்க, கேக்குறதுல எந்தத் தப்பும் இல்ல.

கால்ல இருக்கிற வளையத்தையும் பாருங்க. குஞ்சு பொறந்து ரெண்டு மூணு வாரத்துக்குள்ள கால் சின்னதா இருக்கும்போதே மாட்டுற மூடின வளையம், அதுல இணைப்பே தெரியாது, வளர்ந்த பறவைக்கு அதை மாட்டவே முடியாது. அந்த நம்பரும் பேப்பர்ல இருக்கிற நம்பரும் ஒண்ணா இருக்கணும். வெட்டி வச்சு நெளிச்சு மாட்டின வளையத்தை எந்த வயசு பறவைக்கும் மாட்டலாம், அது எதையும் நிரூபிக்காது.

ஆன்லைன்ல போட்டோ போட்டு "எட்டாயிரத்துக்கு டேம் க்ரே, அட்வான்ஸ் அனுப்புங்க, பஸ்ல ஏத்தி விடுறேன்"னு வர்றது எல்லாமே ஏமாத்து வேலை. முறையா வளர்த்த க்ரே குஞ்சு பல பத்தாயிரம் ரூபாய் ஆகும். நேர்ல பாக்காம, பறவையைக் கையில வாங்காம பணம் போடாதீங்க.

இவ்வளவு செலவு வேண்டாம், நம்ம ஊர்ப் பச்சைக்கிளியே போதும்னு சிலர் நினைப்பாங்க. அது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், வீட்டுல வச்சிருக்கவே கூடாது. சட்டத்துக்கு உட்பட்டு, நேரமும் குறைவா இருந்து, ஒரு கிளி வேணும்னா பட்ஜீஸ், காக்கடீல் மாதிரி இருக்கு, அதையே ஆரம்பமா வச்சுக்கலாம்.

குஞ்சைப் பாத்து எடுக்கும்போது

றெக்கை முளைக்காத குஞ்சை கொடுத்து, நீங்களே ஊசியில கஞ்சி ஊட்டுங்க, அப்பத்தான் உங்ககிட்ட ஒட்டிக்கும்னு சொல்லுவாங்க. இது வியாபாரியோட வேலையையும் தலைவலியையும் உங்க தலையில கட்டுற பேச்சு. அந்தக் கஞ்சி கொஞ்சம் சூடு அதிகமானா இரைப்பை வெந்து ஓட்டையாயிடும், கொஞ்சம் அவசரப்பட்டா நுரையீரலுக்குள்ள போய் நிமிஷத்துல செத்துடும். பாசம் வர்றது ஊட்டுறதுனால இல்ல, தினமும் கூட இருக்கிறதுனால. தானா சாப்பிட ஆரம்பிச்ச குஞ்சைத்தான் வாங்கணும், க்ரேவுக்கு அது மூணு நாலு மாசம் ஆகும், சிலது இன்னும் லேட்டாகும். கொடுக்குறதுக்கு முன்னாடி உங்க கண்ணு முன்னாடியே அது சாப்பிடுறதைப் பாருங்க.

கண்ணைப் பாத்தா வயசு ஓரளவு தெரியும். குஞ்சுக்குக் கண்ணு கருஞ்சாம்பலா இருக்கும், சில மாசம் போனதும் மெதுவா வெளிற ஆரம்பிச்சு அப்புறம் வைக்கோல் மஞ்சளுக்கு வரும். "ஆறு மாசக் குஞ்சு"ன்னு சொல்லிக் கண்ணு நல்ல மஞ்சளா இருந்தா அது வளர்ந்த பறவை. மூக்குத் துவாரம் சுத்தமா இருக்கணும், கண்ணுல தண்ணி வரக்கூடாது, ஆசனவாய் பக்கம் எச்சம் ஒட்டியிருக்கக் கூடாது, நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்தக் கூடாது, மூச்சு விடும்போது வாலு மேலயும் கீழயும் ஆடக்கூடாது. நீங்க கிட்ட போனதும் மூலையில ஒதுங்கி உறுமுற பறவையைப் பாவம் பாத்து வாங்குறது நல்ல மனசுதான், ஆனா அனுபவம் இல்லாதவங்களுக்கு அது தாங்காது.

வாங்கின முதல் வாரத்துலயே பறவை பாக்கத் தெரிஞ்ச டாக்டர்கிட்ட காட்டுங்க. றெக்கையையும் மூக்கையும் அழிக்கிற பிபிஎஃப்டி, பாலியோமா வைரஸ், அப்புறம் மனுஷனுக்கும் ஒட்டுற கிளமிடியா, இந்த மூணுக்கும் டெஸ்ட் கேளுங்க. வீட்டுல வேற பறவை இருந்தா குறைஞ்சது ஒரு மாசம் தனி ரூம்ல வைங்க, பாத்திரமும் தனி.

கூண்டு

ரெண்டு றெக்கையையும் முழுசா விரிச்சு அடிச்சாலும் எங்கயும் இடிக்கக் கூடாது, இதுதான் அளவு. இன்ச்ல சொல்லணும்னா 24 அகலம், 24 ஆழம், 36 உயரம் ரொம்பக் குறைஞ்சபட்சம், 36 அகலம் 48 உயரம் கிடைச்சா சந்தோஷம். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல முக்கால் இன்ச்ல இருந்து ஒரு இன்ச். உருண்டைக் கூண்டு வேண்டாம், சதுரமா வேணும், பறவைக்கு ஒதுங்க ஒரு மூலை வேணும்.

சேலத்துல இரும்பு வேலைக்கு ஆளுக்குப் பஞ்சம் இல்ல, வெல்டிங் பட்டறையில சொல்லிச் செய்யலாம்தான், ஆனா ஜிஐ கம்பி போடாதீங்க. அதுல இருக்கிற துத்தநாகப் பூச்சை இது நாள் பூரா மூக்கால சுரண்டித் தின்னும், ரத்தத்துல விஷம் ஏறும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இல்லைன்னா நல்ல பவுடர் கோட்டிங். ஈயம் கலந்த பழைய பெயிண்ட் அடிச்ச ஜன்னல் கதவையும் அது எட்டுற தூரத்துல விடாதீங்க. பூட்டு ஒண்ணு கண்டிப்பா வேணும், கொக்கியை எல்லாம் அது பாத்துப் பாத்தே திறந்துடும்.

உக்காரக் கடையில வர்ற வழவழப்பான உருட்டுக் கட்டை மட்டும் வச்சா பாதத்துல புண்ணு வரும். கொய்யாக் கிளை, வேப்பங்கிளை தடிமன் மாறி மாறி இருக்கிறதா வெட்டி, தேய்ச்சுக் கழுவி, வெயில்ல காயவச்சு மாட்டுங்க. ஏற்காட்டுல இருக்கிறவங்க ஒண்ணு கவனிங்க, எஸ்டேட்ல கைக்கு எட்டுதேன்னு பட்டர் ஃப்ரூட் மரத்துக் கிளையை வெட்டி வச்சுடாதீங்க, அதோட இலை பட்டை எல்லாமே விஷம். அரளி, உண்ணிச்செடியும் வேண்டாம். மருந்து அடிச்ச மரமான்னு கேட்டுட்டு வெட்டுங்க.

விளையாட்டுச் சாமானுக்குக் காசு கொட்ட வேண்டாம். கொட்டாங்குச்சி, பனை ஓலை, மக்காச்சோளத் தோகை, சாயம் இல்லாத மரத்துண்டு, பேப்பர்ல பாதாமைச் சுருட்டி ஒளிச்சு வைக்கிறது, இதெல்லாம் அதுக்குத் திருவிழா. சாப்பாட்டைத் தேடி எடுக்க வைக்கிறதுதான் க்ரேவோட மூளைக்கு நல்ல வேலை. அம்மாபேட்டை பக்கம் தறி நூல் கழிவு சும்மா கிடைக்கும்னு கட்டித் தொங்க விடுறாங்க, அது விரல்ல சுத்தி இறுகினா விரலே போயிடும். பழைய கொலுசைத் தொங்க விடுறதும் வேண்டாம், பத்தவைப்புல என்ன உலோகம் கலந்திருக்குன்னு நமக்குத் தெரியாது, சலங்கை இடுக்குல நகம் மாட்டிக்கும்.

கூண்டை ஹால்ல ஆள் நடமாட்டம் தெரியுற இடத்துல, ஒரு பக்கமாவது சுவரு இருக்கிற மாதிரி வைங்க. சமையல்கட்டுல வேண்டவே வேண்டாம், ஏன்னு கீழ வருது. ராத்திரி 10-ல இருந்து 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேணும், ஹால்ல பதினோரு மணி வரைக்கும் சீரியல் ஓடுற வீடுன்னா தூங்குறதுக்கு மட்டும் வேற ரூம்ல ஒரு சின்னக் கூண்டு வச்சுக்கோங்க.

சாப்பாடு

நம்ம ஊர்ல நிறைய க்ரேக்கள் சன்ஃப்ளவர் விதையாலயே சாகுது, இதை நான் கோபமாவேதான் சொல்றேன். விதையில கொழுப்பு ஏகத்துக்கு இருக்கு, கால்சியமும் வைட்டமின் ஏ-யும் ரொம்பக் கம்மி. க்ரேவுக்கு மத்த கிளிகளை விட கால்சியம் குறைபாடு சீக்கிரம் வரும், திடீர்னு உக்காந்த இடத்துல இருந்து கீழ விழுந்து வலிப்பு வர்றதுக்கு முக்கியமான காரணமே இதுதான். வைட்டமின் ஏ குறைஞ்சா மூக்கு, தொண்டைப் பக்கம் தொத்து வரும்.

அதனால பாதிக்கு மேல கிளிக்குன்னு சத்தெல்லாம் கலந்து உருண்டையா வர்ற நல்ல பெல்லட் தீனி, மீதி காய், கீரை, கொஞ்சம் பழம், கொஞ்சம் வேகவச்ச தானியம் பருப்பு. சூரமங்கலம் உழவர் சந்தைக்கோ தாதகாப்பட்டி உழவர் சந்தைக்கோ காலைல போனா கிளிக்கு வேண்டிய அத்தனையும் கிடைக்கும்: முருங்கைக் கீரை, கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு வேகவச்சது, செவப்பு குடைமிளகாய், பூசணி, பீன்ஸ், பப்பாளி, கொய்யா. முருங்கைக் கீரை கால்சியத்துக்கு ரொம்ப நல்லது, கொத்தோட கட்டித் தொங்கவிட்டா விளையாடிக்கிட்டே தின்னும். பாலக் கீரையை மட்டும் எப்பவாவது கொடுங்க, அதுல இருக்கிற ஆக்சலேட் கால்சியத்தைப் புடிச்சு வச்சுக்கும். பச்சைப்பயறு முளைகட்டினது, கேழ்வரகு முளைகட்டினது நல்லா சாப்பிடும், ஆனா நம்ம வெயிலுக்கு ரெண்டு மணி நேரத்துல புளிச்சுடும், மிச்சத்தை எடுத்துடணும். மே மாசம் மாம்பழ சீசன்ல ரெண்டு துண்டு கொடுங்க, தப்பில்ல, தினமும் ஒரு பழம்னு போகாதீங்க, சர்க்கரைதான் அது.

நாட்டு மருந்துக் கடையில கடல் நுரை கிடைக்கும், ஒரு துண்டு கூண்டுல மாட்டி வைங்க. கால்சியம் சாப்பிட்டா மட்டும் பத்தாது, அது உடம்புல சேர வெயில் படணும். கண்ணாடி ஜன்னல் வழியா வர்ற வெயில்ல அந்த சக்தி இல்ல, அதனால காலைல ஒரு இருபது முப்பது நிமிஷம் கூண்டோட பால்கனியில, பாதி நிழல் இருக்கிற மாதிரி வச்சு நீங்களும் கூடவே உக்காருங்க. காக்கா, பூனை, பருந்து எல்லாம் இருக்கு, ஏற்காட்டுல குரங்கு வேற, தனியா விட்டுட்டு உள்ள போகாதீங்க.

கொடுக்கவே கூடாததுல முதல் இடம் பட்டர் ஃப்ரூட்டுக்குத்தான். சேர்வராயன் மலையில அது வீட்டுக்கு வீடு காய்க்குது, ரோட்டோரமா கூறு கட்டி விக்கிறாங்க, மனுஷனுக்கு எவ்வளவு நல்லதோ கிளிக்கு அவ்வளவு கெட்டது, ரெண்டு நாளுக்குள்ள இதயம் நின்னு உயிரே போகலாம். ஏற்காடு காப்பியும் அப்படித்தான், உங்க டம்ளர்ல இருந்து ஒரு வாய் குடிக்கிறதை அழகா இருக்குன்னு வீடியோ எடுக்காதீங்க. சாக்லேட், வெங்காயம், பூண்டு, ஆப்பிள் விதை, உப்பு போட்ட எதுவும் ஆகாது. சாயங்காலம் தட்டுவடை செட் பார்சல் பிரிச்சா அது கத்திக் கேக்கும், உப்பும் காரமும் பச்சை வெங்காயமும் அதுல இருக்கு, கேரட் துருவலை மட்டும் முன்னாடியே தனியா எடுத்து வச்சிருந்து கொடுங்க. தோலோட இருக்கிற பச்சை நிலக்கடலை சுத்தமா வேண்டாம், அதுல வர்ற பூஞ்சை க்ரேவோட நுரையீரலையும் ஈரலையும் தாக்கும்.

விதை மட்டுமே தின்னு பழகின பறவையை ஒரே நாள்ல மாத்தாதீங்க, பட்டினி கிடந்து செத்துடும். வாரக் கணக்குல பெல்லட்டைக் கூட்டிக்கிட்டே விதையைக் குறைச்சுக்கிட்டே வாங்க, அந்தச் சமயத்துல தினமும் காலைல எடை பாருங்க.

புகை

நான்ஸ்டிக் தவா காய்ஞ்சு சூடேறினா அதுல இருந்து வர்ற ஆவி நமக்கு வாசம் கூட தெரியாது, பக்கத்து ரூம்ல இருக்கிற கிளி கொஞ்ச நேரத்துல செத்துக் கிடக்கும். இதுக்கு வைத்தியமே கிடையாதுன்னு சொல்லலாம். க்ரே வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி நான்ஸ்டிக் எல்லாத்தையும் எடுத்துட்டு இரும்பு தோசைக்கல்லுக்கு மாறிடுங்க. ஏர் ஃப்ரையர், அயர்ன் பாக்ஸ், சில ரூம் ஹீட்டர்ல கூட அதே பூச்சு இருக்கு, பாத்து வாங்குங்க. கொசுவத்தி, லிக்விடேட்டர், ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ரூம் ஸ்ப்ரே, சிகரெட் எதுவும் கிளி இருக்கிற காத்துல கூடாது. சாமி ரூம் கதவைச் சாத்திக்கிட்டு சாம்பிராணி போடுங்க, கொசுவுக்கு ஜன்னல்ல வலை அடிங்க.

சேலம் வெயிலும் ஏற்காடு குளிரும்

ஏப்ரல் மே மாசம் சேலத்துல 40 டிகிரி தொடுறப்போ கிளி வாயைத் திறந்து மூச்சு வாங்கி, றெக்கையை உடம்புல இருந்து தள்ளிப் புடிச்சுக்கிட்டு நிக்கும். தண்ணி ஸ்ப்ரே பண்ணுங்க, குடிக்கிற தண்ணியை மூணு நாலு தடவை மாத்துங்க, காங்கிரீட் மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்கிற ரூம்ல மதியம் வைக்காதீங்க. கூலர் காத்து நேரா மேல அடிக்கக் கூடாது. வெயில் காலம் இல்லைன்னாலும் வாரத்துல மூணு நாலு நாள் பகல்ல குளிப்பாட்டணும், அந்தத் தூசி அடங்கவும் றெக்கை நல்லா இருக்கவும் அது தேவை.

ஏற்காட்டுல கதையே வேற. மார்கழி ராத்திரி நல்லா குளிரும், பனி ஜன்னல் வழியா உள்ளயே வரும். குளிரை விட ஈரம்தான் பிரச்சினை, சுவர்ல பூசணம் புடிச்ச ரூம்ல க்ரே வச்சா ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை நுரையீரலுக்குப் போகும். மூணு பக்கம் கெட்டித் துணியால மூடி, காத்து நேரா வராத இடத்துல வைங்க. கரி அடுப்பு, நெருப்புச் சட்டி மூட்டிக் குளிர் காயுற ரூம்ல வைக்கவே கூடாது.

மலை ஏத்தி இறக்கும்போது 20 கொண்டை ஊசி வளைவுலயும் அது ஆடிக்கிட்டே வரும், சிலதுக்கு வாந்தி கூட வரும். சின்ன கேரியர்ல அடியில துண்டு விரிச்சு, சீட் பெல்ட் போட்டுக் கட்டி, தண்ணிக் கிண்ணத்துக்குப் பதிலா வெள்ளரிக்காய்த் துண்டு வைங்க. வண்டியை நிறுத்திட்டு டீ குடிக்கப் போறப்போ அதையும் கூட எடுத்துட்டுப் போங்க.

பழக்குறதும் பேச்சும்

வந்த முதல் சில நாள் சும்மா விடுங்க. பக்கத்துல உக்காந்து பேப்பர் படிங்க, பேசுங்க, கையை உள்ள விடாதீங்க. அது தானா கிட்ட வர ஆரம்பிச்சதும் கையில இருந்து பாதாம் துண்டு கொடுங்க, அதுக்கு அப்புறம் விரலை வயித்துக்குக் கீழ மெதுவா வச்சு "ஏறு"ன்னு சொல்லுங்க, ஏறினா உடனே பாராட்டும் பாதாமும். கண்மணி சுருங்கிச் சுருங்கி விரியுது, கழுத்து றெக்கை சிலுத்துக்கிட்டு நிக்குதுன்னா இப்ப வேண்டாம்னு சொல்லுது. கேக்காமப் போனா கடிக்கும், அந்த மூக்கு பாதாம் ஓட்டையே உடைக்கும். கடிச்சா கத்தாதீங்க, அடிக்காதீங்க, அமைதியா இறக்கி விட்டுட்டு நகருங்க. ஒரு தடவை அடிச்சா க்ரே வருஷக் கணக்குல ஞாபகம் வச்சிருக்கும்.

தலை, கழுத்து மட்டும் தடவுங்க, முதுகையும் றெக்கைக்குக் கீழயும் தடவினா அது உங்களை ஜோடியா நினைச்சுக்கும், அப்புறம் வீட்டுல மத்தவங்களைக் கடிக்கும். ஆரம்பத்துல இருந்தே வீட்டுல எல்லாரும் மாத்தி மாத்திச் சாப்பாடு கொடுங்க.

பேச்சு பெரும்பாலும் ஒரு வயசுக்கு மேலதான் வரும், சிலது பேசவே பேசாது, அதுக்காக வெறுக்கக் கூடாது. அலெக்ஸ்னு ஒரு க்ரேவை ஐரீன் பெப்பர்பெர்க்னு ஒரு விஞ்ஞானி 1977-ல சிகாகோவுல ஒரு பெட் ஷாப்ல வாங்கி முப்பது வருஷம் பழக்கினாங்க, நூறு வார்த்தைக்கு மேல தெரியும், கலர், வடிவம் சொல்லும், ஆறு வரைக்கும் எண்ணும். அது 2007-ல செத்தப்போ வயசு 31தான். அந்த அம்மா பண்ண முறையில நமக்கு உதவுறது என்னன்னா, ரெண்டு மனுஷங்க கிளி முன்னாடி ஒரு பொருளைக் காட்டிக் கேட்டுப் பதில் சொல்லி, சரியா சொன்னவருக்கு அந்தப் பொருளையே கொடுக்கிறது. அதைப் பாத்துக் கிளிக்கும் ஆசை வரும். நீங்களும் தண்ணி ஊத்தும்போது "தண்ணி", கொய்யா கொடுக்கும்போது "கொய்யா"ன்னு சொல்லுங்க. ரெக்கார்டிங் போட்டு விட்டுட்டுப் போனா குக்கர் விசிலைத்தான் கத்துக்கும்.

குஞ்சு பறக்கக் கத்துக்கிறதுக்கு முன்னாடி றெக்கை வெட்டாதீங்க, க்ரே உடம்பு கனம், தொப்புனு விழுந்து நெஞ்செலும்பு பொளந்துடும். ஆனா வெளிய விடுறதுக்கு முன்னாடி ஃபேனை ஆஃப் பண்ணி, ஜன்னல் கதவு சாத்தி, வாளித் தண்ணியை மூடி, அப்புறம் கூண்டைத் திறங்க. தப்பிப் பறந்துட்டா அது கத்துக்கிட்ட வார்த்தைகளையே சத்தமாச் சொல்லி, காலைலயும் சாயங்காலமும் கூண்டை மாடியில தெரியுற மாதிரி வச்சுக் கூப்பிடுங்க, முதல் நாள் பெரும்பாலும் ரொம்ப தூரம் போகாது.

தீபாவளிக்கும் ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் திருவிழாச் சமயத்துக்கும் உள் ரூம்ல ஜன்னல் சாத்தி, மெதுவா பாட்டு போட்டு, யாராவது கூடவே இருங்க.

உடம்பு சரியில்லைன்னா

பறவை நோயை மறைக்கும், நமக்குத் தெரியும்போது அது ரொம்ப முத்தியிருக்கும். அதனால கிராம் தராசு ஒண்ணு வாங்கி வாரம் ஒரு தடவை காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி எடை பாத்து எழுதி வைங்க. பத்துல ஒரு பங்கு குறைஞ்சிருந்தா அது சும்மா இல்ல. உப்பிக்கிட்டு கண்ணை மூடி உக்காந்திருக்கு, கூண்டுத் தரையில உக்காந்திருக்கு, மூச்சுக்கு வாலு ஆடுது, எச்சம் கலர் மாறியிருக்கு, விழுந்து இழுக்குதுன்னா அன்னிக்கே டாக்டர், நாளைக்குப் பாக்கலாம் கிடையாது. றெக்கையைப் பிச்சுக்குதுன்னாலும் முதல்ல உடம்புல ஏதும் இருக்கான்னு டெஸ்ட் பண்ணுங்க, மனக்கஷ்டம்னு நாமளே முடிவு பண்ண வேண்டாம்.

நமக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒரு மணி நேரத் தூரத்துல இருக்கு, தலைவாசல்லயும் கல்லூரி வந்துடுச்சு, பெரிய சிக்கல்னா சென்னை வேப்பேரி. எங்கப் போனாலும் கிளி பாத்துப் பழக்கமான டாக்டர் யாருன்னு கேட்டுட்டுப் போங்க, கோழி பாக்குறவருக்கு எல்லாம் கிளி வைத்தியம் பழக்கம்னு சொல்ல முடியாது. இதை அவசரம் வர்றதுக்கு முன்னாடியே விசாரிச்சு நம்பர் வாங்கி வச்சுக்கோங்க. நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணையில வேலை பாக்குறவங்க, வீட்டுல நாட்டுக்கோழி வச்சிருக்கிறவங்க கை கால் கழுவி சட்டை மாத்திட்டுத்தான் கிளியைத் தொடணும், கோழிக்கு வர்ற ராணிக்கெட் நோய் கிளிக்கும் வரும்.

போற வழியில அட்டைப் பெட்டியில துண்டு போட்டு, இருட்டா, வெதுவெதுப்பா வச்சு எடுத்துட்டுப் போங்க. வாயைத் திறந்து தண்ணி ஊத்தாதீங்க, நம்ம மாத்திரையை உடைச்சுக் கொடுக்காதீங்க. நகமோ புது றெக்கையோ உடைஞ்சு ரத்தம் வந்தா கார்ன் ஃப்ளார் மாவு வச்சு அழுத்திப் புடிங்க. உங்களுக்குக் காய்ச்சல் இருமல் நிறைய நாள் விடாம இருந்தா உங்க டாக்டர்கிட்ட வீட்டுல கிளி இருக்குன்னு சொல்லுங்க.

உங்களுக்கு அப்புறம் யாரு

வாங்குற அன்னிக்கே பேச வேண்டியது இது. உங்களை விடச் சின்ன வயசுல, அந்தப் பறவை மேல உண்மையிலயே பிரியம் இருக்கிற ஒருத்தரை, தங்கச்சி பையனோ பக்கத்து வீட்டுப் பொண்ணோ, இப்பவே கிளியோட பழக விடுங்க. ஊருக்குப் போகும்போதெல்லாம் அவங்க வீட்டுலயே விட்டுட்டுப் போங்க, அப்பத்தான் அந்த வீடும் அதுக்குப் பழகும். பதிவு நம்பர், வளைய நம்பர், பில், டெஸ்ட் ரிப்போர்ட், எடை நோட்டு, என்ன சாப்பிடும் என்ன சாப்பிடாது, எந்த வார்த்தைக்கு ஏறும், எந்த டாக்டர்கிட்ட போகணும், எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு அவங்களுக்கு எங்க இருக்குன்னு காட்டி வைங்க. கிளி கை மாறும்போது பரிவேஷ்ல பேரும் மாத்தணும்ங்கிறதையும் அதுலயே எழுதிடுங்க.